கோயிலில் இருந்த பெட்டி, பாரில் நின்ற படகு

“கார்டில ஒரு பிழையும் இல்ல, மிஸ். டிரைவர் எழுதினவனைப் போய்ப் பிடியுங்க.”

கார்டு விற்ற கம்பனிக்காரன் இப்படிச் சொல்லிப் போனை வைத்தான். அந்தச் சூடு ஆறுமுன் டிரைவர் எழுதிய கம்பனிக்காரன் எடுத்தான். “எங்கட டிரைவர் தங்கம், மிஸ். கார்டைக் கழட்டிப் பாருங்க.”

சாருமதி போனை மேசையில் அறைந்தாள். சின்னக்குடா மீனவர் சங்க அலுவலகத்தின், ஊர்ப் பேச்சில் கந்தோரின், மேசை அது. ஏற்கெனவே ஒரு கால் ஆட்டம். மேலே இருந்த தேத்தண்ணிக் கோப்பை துள்ளி விழப் பார்த்தது. அவளுடைய உதவியாள் ஹாசிம் எட்டிப் பிடித்தான். பிடித்ததற்குக் கூலியாக மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தும் முடித்தான்.

“எத்தன வருசமா திரீவீல் ஓட்டுறன், மிஸ். எங்க எது இடிபட்டாலும் முதல்ல டிரைவர்ட சட்டையத்தான் பிடிப்பானுகள். இந்த டிரைவரும் நம்ம இனம்தானே?”

“இந்த டிரைவருக்குச் சட்டை இல்லயே, ஹாசிம் நானா. இருந்தா நானே பிடிச்சு ரெண்டு போட்டிருப்பன்.”

சட்டை எப்படி இருக்கும்? அது ஆள் அல்ல, ஒரு நிரல். கம்பி வழியே வரும் செய்தியை நெட்வேர்க் கார்டு பிடித்துக் கணினியின் நினைவகத்தில் போடும். டிரைவர் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகும். இந்தப் போடுதலுக்கும் எடுத்தலுக்கும் நடுவில் என்னென்ன கள்ளத்தனம் நடக்கும் என்று அறிந்தவர்கள் மிகக் கொஞ்சப்பேர். உடப்பு ஊரில் பிறந்த சாருமதி அவர்களில் ஒருத்தி. கொழும்பில் நல்ல சம்பளத்தில்தான் இருந்தாள். ஒருநாள் “பிழை உங்களுடையது” என்று மேலாளரின் மூஞ்சிக்கு நேரே சொன்னாள், வேலை போனது. இப்போது புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை, ஓடித் திரிய ஹாசிமின் திரீவீல் ஆட்டோ, மெஷின் பொய் சொல்கிறது என்று தேடி வருகிற சனம். கோபம் மட்டும் ஒரு துளியும் குறையவில்லை.

இன்றைக்கு அந்தக் கோபம் சவிரிமுத்துவுக்காக. ஆள் கந்தோர் வாசலில் குந்தியிருந்தார். உப்புக்காற்றில் கறுத்துக் காய்ந்த உடம்பு, மூன்று நாள் தாடி. பக்கத்தில் மனைவி அல்பொன்சா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, யார் வந்தாலும் ஒரு கை பார்ப்பேன் என்ற நிலையில் நின்றாள்.

நடந்தது இதுதான். புனித அன்னம்மாள் திருவிழா அன்று, ஊர் முழுதும் கோயிலில் இருந்த நேரத்தில், யாரோ பாருக்கு மேலே டைனமைட் போட்டார்கள். கடலுக்கடியில் கிடக்கும் பவளப் பாறையைத்தான் பார் என்பார்கள். மீன் குஞ்சு பொரிக்கிற தொட்டில் அது. வெடி போட்டால் ஒரு நாள் வள்ளம் நிறையும். பிறகு எத்தனையோ வருசத்துக்கு அங்கே மீன் தலைகாட்டாது. அன்றைக்குப் பார் மட்டும் சாகவில்லை. படகில்லாமல் நீந்திப்போய்க் கடலட்டை பிடிக்கச் சுழியோடிய நசீர் தண்ணீருக்கடியில் இருந்தான். உயிரோடு மேலே வந்தான், காது இரண்டும் வரவில்லை. இவன் ஹாசிமின் தங்கையைக் கட்டியவன். வாக்குமூலம் கொடுக்க வந்து, வெளியே திரீவீலின் பின்சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். கேட்காத காதோடு யார் என்ன பேசுவது?

சங்கத்துப் படகு ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி உண்டு. மலிவு விலையில் எஞ்சின் கொடுத்த திட்டக்காரர் அதோடு சேர்த்துக் கட்டிவிட்டது. பெட்டியைச் செருகாவிட்டால் எஞ்சின் உயிர் பிடிக்காது. ‘இது இன்னாருடைய படகு, இன்ன இடத்தில் நிற்கிறது, இத்தனை எஞ்சின் ஓடுகிறது’ என்று அது கரையிலுள்ள கோபுரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கோபுரம் கம்பி வழியாகக் கந்தோர்க் கணினிக்குச் சொல்லும். அந்தக் கணினி சொன்னது: வெடி விழுந்த நேரத்தில் சவிரிமுத்துவின் படகு பாருக்கு மேலே.

விசாரணை அதிகாரி வந்துகொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் படகும் எஞ்சினும் பறிமுதல். ஆள் ரிமாண்டுக்கு.

“யுத்தம் நடக்கக்குள்ள பாஸ் காட்டித்தான் கடலுக்குப் போனம்,” என்றார் சவிரிமுத்து நிலத்தைப் பார்த்தபடி. “சண்ட முடிஞ்சுது, இனி எங்கட கடல் எண்டு நினைச்சம். இப்ப பெட்டி. பாஸ் எண்டாலும் பொய் சொல்லாது, தங்கச்சி.”

“எங்க இருந்தீங்க எண்டு சொல்லுங்களன்!” அல்பொன்சா வெடித்தாள். “கோயில்ல முழங்கால்ல நிண்ட மனுசன், பிள்ள. பெட்டியும் அங்கதான் இருந்தது. ஊரே பாத்தது. கேட்டா, ஊர் முழுக்கச் சொந்தக்காரர், சொந்தக்காரர் சாட்சி செல்லாதாம். அப்ப மெஷின் மட்டும் ஆருக்குச் சொந்தம்?”

ஹாசிம் கோப்பையை வைத்தான். பகடி இல்லாத குரலில் கேட்டான். “சவிரி அண்ணன், அல்லாவுக்காகக் கேக்கிறன். நீங்க போடல்லதானே?”

சவிரிமுத்து நிமிர்ந்தார். “உன்ட மச்சான் என்ட வள்ளத்தில ஏறாத நாள் இருக்கா? அவன்ட தலைக்கு மேல நான் வெடி போடுவனா, ஹாசிம்?”

ஹாசிம் திரீவீல் பக்கம் பார்த்தான். பிறகு சவிரிமுத்துவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான்.

*

அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் சங்கத் தலைவர் லம்பேட். வெள்ளைச் சாரம், கழுத்தில் தங்கச் சங்கிலி, இடுப்பில் சாவி வளையத்தில் கந்தோர்த் திறப்பு. அந்தத் திறப்பை அவர் பெண்சாதியிடம்கூடக் கொடுப்பதில்லை என்று ஊரில் ஒரு கதை. யன்னலுக்கு வெளியே, துறையில், அவருடைய படகு பளபளத்துக்கொண்டு கிடந்தது.

“பாருங்க மிஸ்,” ஹாசிம் காதோடு சொன்னான். “சங்கத்தில எல்லாருக்கும் ஒரு எஞ்சின். தலைவருக்கு மட்டும் ரெண்டு. ஒண்டு போக, ஒண்டு வர.”

லம்பேட் கதிரையை இழுத்து அதிகாரிக்குப் போட்டார். “மாத்தயா, இந்தப் பிள்ளை காலையில இருந்து மெஷினக் கிண்டுது. மெஷினுக்குச் சொந்தமா பந்தமா? கண்டதச் சொல்லியிருக்கு. சவிரி என்ட ஆள்தான், எனக்கும் மனவருத்தம்தான். ஆனா சங்கத்துக்கு ஒரு மானம் இருக்கே. கையெழுத்தப் போட்டிட்டு வாங்க, வீட்ட இறால் கறி.”

“இறால் ஓடிப் போகாது,” என்றாள் சாருமதி. “நான் சொல்றதக் கேட்டிட்டுச் சாப்பிடுங்க.”

அதிகாரி களைத்த மனிதர். பேனாவை எடுத்தார், வைத்தார். “எனக்கு ஒண்டுதான் தெரியோணும், மிஸ். மெஷின் சரியா, பிழையா?”

“நினைவகத்தில சட்டி வரிசையா இருக்கு எண்டு வைச்சுக்கொள்ளுங்க, மாத்தயா. கோபுரத்தில இருந்து வாறத கார்டு சட்டியில போடும். போட்டு முடிச்சு மணி அடிக்கும். டிரைவர் வந்து எடுக்கும். வெறுமையான சட்டி திரும்ப வரிசைக்குப் போகும், அடுத்த செய்திக்கு. சட்டிய ஒருத்தரும் கழுவுறதில்ல.”

“கழுவுறதில்லயா?” அல்பொன்சா வாசலில் இருந்தே முகத்தைச் சுளித்தாள்.

“இல்ல அக்கா. புதுசு வந்து பழச மூடும் எண்ட துணிவு. எங்கட உடப்பில கரைவலைக்குப் பாடு இருக்கு, முறை வைச்சுத்தான் இழுப்பம். ஒருத்தன்ட பாடு முடியமுன்னம் மற்றவன் வலையில கை வைச்சா வெட்டுக்குத்துத்தான். இங்கயும் அதே ஒழுங்கு. கார்டுட பாடு முடிஞ்சு, சட்டியில இருக்கிறத முழுசாப் பாத்துத்தான் டிரைவர் எடுக்கோணும். எடுத்துதா இல்லயா எண்டதுதான் என்ட கேள்வி. கார்டு விக்கிறவன் டிரைவரச் சொல்றான், டிரைவர் எழுதினவன் கார்டச் சொல்றான். ரெண்டு பேருக்கும் நடுவில இந்த மனுசன் கம்பிக்குப் பின்னால மறியலுக்குப் போறார்.”

“கதை நல்லாயிருக்கு,” லம்பேட் சிரித்தார். “காட்டு பாப்பம்.”

காட்டத்தான் போகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எல்லாச் சட்டிக்குள்ளும் முன்கூட்டியே ஒரு சொல்லை எழுதி வைக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் புதுச் செய்தி வந்து அதை மூடிவிடும். அந்தச் சொல் திரைக்கு வரவே வராது. வந்தால் டிரைவர் புதியதைப் பார்க்காமல், முன்பு சட்டியில் கிடந்ததை அள்ளிக்கொடுக்கிறது என்று அர்த்தம்.

“என்ன எழுதட்டும், நானா?”

“‘வெறும் சட்டி’ எண்டு எழுதுங்க, மிஸ். எங்கட உம்மாக்கு மாசக் கடைசியில அந்த ஒரு பேச்சுத்தான்.”

எழுதினாள். சவிரிமுத்துவின் பெட்டியைக் கொண்டுவந்து சுவிச்சைப் போட்டார்கள். திரையில் வந்தது: சவிரிமுத்து, சங்கக் கந்தோர், எஞ்சின் இல்லை. சரி. மறுபடியும் போட்டார்கள். சரி. அடுத்த வீட்டுக்காரனின் பெட்டி. அதுவும் சரி. லம்பேட் பெருந்தன்மையாகத் தன் பெட்டியையும் எடுத்துவரச் சொன்னார். அதுவும் அச்சொட்டாகச் சரி. ‘வெறும் சட்டி’ எட்டியும் பார்க்கவில்லை.

“மெஷின் பத்தரமாத்துத் தங்கம்,” என்றார் லம்பேட். “போடுங்க மாத்தயா.”

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். சவிரிமுத்து எழுந்து, கட்டியிருந்த சாரத்தை இறுக்கிக்கொண்டார், கூட்டிக்கொண்டு போகட்டும் என்பதுபோல. அதைக் கண்டதும் சாருமதிக்குத் தலைக்கேறிவிட்டது. இந்த மனுசன் செய்யாத குற்றத்துக்குச் சாரம் இறுக்குகிறார். இங்கே ஒரு பேனா, அங்கே ஒரு இறால் கறி. எங்கேயோ கொழும்பில் இரண்டு பேர் குளிர் அறையில் இருந்துகொண்டு தங்கம் தங்கம் என்கிறார்கள்.

“பேனாவ வையுங்க!” அவள் போட்ட சத்தத்தில் அதிகாரி உண்மையிலேயே வைத்துவிட்டார். “அக்கா, இஞ்ச வாங்க. பெட்டி கோயில்ல இருந்தது எண்டீங்களே. பெட்டிக்கு அங்க என்ன வேல?”

“என்ன வேலயா? மந்திரிக்கத்தான்!” அல்பொன்சாவுக்கு இப்படியும் ஒரு கேள்வியா என்று இருந்தது. “திருவிழாவுக்கு வலையும் எஞ்சினும் மந்திரிக்கிறது எப்பவும் உள்ளதுதான். இந்த முற பெட்டியும் வந்திட்டுதே, அதையும் வைக்கோணுமே? பீடத்துக்கு முன்னால பாய விரிச்சு எல்லாப் பெட்டியும் வைச்சம். சுவாமி தீர்த்தம் தெளிக்கக்குள்ள எல்லாரும் ஒரேயடியா சுவிச்சப் போட்டம்.”

“ஒரேயடியாவா? ஏன் போட்டீங்க?”

“லைட் எரியோணுமே, பிள்ள. செத்த பெட்டியையா கொண்டுபோய் மந்திரிக்கிறது?”

சாருமதி எழுந்துவிட்டாள். காது சிவந்திருந்தது, ஆனால் இது கோபச் சிவப்பு அல்ல. “எல்லாப் பெட்டியுமா?”

“ஊர்ப் பெட்டி எல்லாம். தலைவர்டது மட்டும் இல்ல. அது பழுதெண்டு, திறந்து திருத்தக் கொழும்புக்குப் போயிருந்தது. பாவம், தலைவருக்கு அந்த ஆசீர்வாதம் இல்லாமப் போச்சு.”

“கேட்டீங்களா, மிஸ்?” ஹாசிம் தொடையில் தட்டினான். “கம்பனிக்காரன் மழையச் சோதிச்சிருப்பான், வெயிலச் சோதிச்சிருப்பான். பூசையச் சோதிச்சிருக்கவே மாட்டான்.”

“அக்கா, திருவிழாவ இன்னொருக்கா வைப்பமா?”

*

அல்பொன்சா போய் ஒரு குரல் வைத்தாள். அந்தக் குரலுக்குச் சின்னக்குடாவில் அடுப்பில் கறி வைத்திருந்தவளும் வருவாள். பெண்கள் மீன் கூடைகளில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் பின்னால் வந்து, என்ன சங்கதி என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். கந்தோர் முற்றத்தில் பாய் விரித்தாயிற்று. லம்பேட்டின் பெட்டியும் சேர்ந்து பெட்டிகள் வரிசையாக அமர்ந்தன, ஒவ்வொன்றின் மூடியிலும் கம்பனி ஒட்டிய சிவப்பு சீல். சவிரிமுத்துவின் பெட்டியை விசாரணைக்காகத் திறந்து மூடியிருந்தார்கள். அதன் சீல் மட்டும் புதுச் சிவப்பு. மற்றவை வெயிலில் வெளுத்து வெள்ளரிப்பழ நிறத்துக்கு வந்திருந்தன.

“சுவாமி இல்ல, தீர்த்தமும் இல்ல,” என்றான் ஹாசிம். “நான் வேணுமெண்டா தேத்தண்ணி தெளிக்கட்டா?”

“உன்ட தேத்தண்ணி பெட்டியில படுமுன்னம் உன்ட வாயிலதான் படும்,” என்றாள் அல்பொன்சா. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, நெற்றியில் சிலுவை போட்டாள். “ஓம். போடுங்க!”

எல்லாக் கையும் ஒன்றாக இறங்கின. எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. உயிர் பிடித்ததும் பெட்டிகள் கும்பலாகக் கத்தத் தொடங்கின, நான் இங்கே, நான் இங்கே என்று. கந்தோருக்குள் திரையில் வரிகள் அருவியாகக் கொட்டின. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

சரியான வரி. சரியான வரி. சரியான வரி. பிறகு:

சவிரிமுத்து, வெறும் சட்டி.

“அல்லாஹ்!” என்றான் ஹாசிம்.

இன்னொன்று. அன்ரன் படகு, வெறும் சட்டி. வேறொன்று. வேறொன்று. பெயரெல்லாம் சரி. பெயருக்குப் பின்னால் வரவேண்டிய இடமும் எஞ்சினும் இல்லை, சாருமதி முன்கூட்டி எழுதி வைத்த சொல்தான் இருந்தது.

“பிடிச்சிட்டன்.” அவள் டிரைவரின் நிரலைத் திறந்து விறுவிறுவென்று கீழே இறங்கினாள். தேடிய இடம் வந்ததும் மேசையில் ஒரு குத்து. “பாருங்க மாத்தயா, இந்த நாய் வேலய. மணி அடிச்சதும் சட்டி முழுக்கப் புதுசாப் பாக்கோணும் எண்டு இருந்த வரிய மாத்தி, மேல்வாயை மட்டும் பாத்தாப் போதும் எண்டு ஆக்கியிருக்கிறாங்க. சட்டிட அடியில என்ன இருக்கெண்டு முந்திப் பாத்த ஞாபகத்தில சொல்லுது டிரைவர். ஒண்டொண்டா வாற ஆறுதலான நாளில அந்த ஞாபகம் தானா மறந்துபோகும், திரும்பப் போய்ப் பாக்கும், சரியாச் சொல்லும். ஒரேயடியா எல்லாம் வந்து விழுந்தா மறக்க நேரமில்ல. பேர் புதுசு, மிச்சம் பழசு.”

“ஏன் அப்பிடி மாத்தினாங்க?”

“வேகத்துக்கு! வேகமா ஓடுது எண்டு காட்டி விக்கத்தான்!” அவள் போனை எடுத்து டிரைவர்க் கம்பனிக்காரனை அழைத்தாள். அவன் ‘ஹலோ’ சொல்லி முடிக்கவில்லை. “உன்ட தங்கத்த உரசிப் பாத்தாச்சு. பித்தளை. இஞ்ச ஒரு மனுசன் உன்ட வேகத்துக்கு மறியலுக்குப் போகப் பாத்தவர். அந்தாள்ட பேரக் கேள், சவிரிமுத்து. மறக்காத!” வைத்துவிட்டாள்.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “அப்ப மெஷின் பிழை. வழக்கு இல்ல. ஆர் வெடி போட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

“அதத்தான் நானும் நினைச்சன்!” லம்பேட் முன்னால் வந்து சவிரிமுத்துவின் தோளைத் தட்டினார். “மெஷினுக்கு விசர் பிடிச்சிருக்கு. குப்பையக் கக்கியிருக்கு. சவிரி, வீட்ட போடா, போய்ப் படு. எல்லாம் முடிஞ்சுது. எல்லாரும் போங்க, போங்க. அந்தப் பழைய பதிவ இண்டைக்கே அழிச்சுப் போடுவம்.”

அல்பொன்சா சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள். பெண்கள் அவளைச் சூழ்ந்தார்கள். சவிரிமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எல்லாம் சுபம். புத்தளத்துக்குப் போகும் வழியில் ஹாசிம் மீன் காயவைக்கும் வாடியில் கருவாடு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் சாருமதி கதிரையை விட்டு எழும்பவில்லை. வந்ததில் இருந்து கையெழுத்துப் போடு, போடு என்று குடைந்த மனுசன் இப்போது ஏன் இப்படிக் குளிர்ந்துபோனார்? ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்த வாய், திடீரென்று பால் வடிக்கிறதே?

“இருங்க.” அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அதற்குத்தான் கூட்டம் நின்றது. “சட்டி குப்பையக் கக்காது, தலைவர். சட்டிக்குக் குப்பை உண்டாக்கத் தெரியாது. தனக்குள்ள முந்திக் கிடந்ததத்தான் தரும். இண்டைக்கு ‘வெறும் சட்டி’ தந்தது, ஏனெண்டா நான் அத எழுதி வைச்சிருந்தன். அண்டைக்குப் பார் எண்டு தந்தது. அப்ப அந்தச் சட்டியில பார் எண்டதப் போட்டது ஆர்?”

வாசலில் நின்றவர்கள் உள்ளே நெருங்கி வந்தார்கள்.

“சவிரி அண்ணன்ட பேர் வந்து மேல்வாயில விழுமுன்னம், அதே சட்டிக்கு வேற ஒரு வள்ளத்தின்ட செய்தி வந்திருக்கு. அந்த வள்ளம் உண்மையாவே பாருக்கு மேல நிண்டிருக்கு. ஊரே கோயில்ல. பெட்டி எல்லாம் பாயில. அப்பிடியிருக்க, கடலில இருந்து கதைச்ச பெட்டி எது?” அவள் திரையைத் திருப்பி, எல்லாரும் பார்த்துப் பார்த்துச் சலித்த அந்தப் பதிவைத் திறந்தாள். “இந்த வரிய மாத்தயாவும் பாத்தீங்க, நானும் பாத்தன். எல்லாரும் இடம் வரைக்கும்தான் வாசிச்சம். கடைசிச் சொல்ல ஒருத்தரும் வாசிக்கல்ல. ஹாசிம் நானா, வாசியுங்க.”

ஹாசிம் குனிந்தான். வாசித்தான். மறுபடி வாசித்தான். முகத்தில் இருந்த பகடியெல்லாம் வடிந்துபோயிற்று.

“எஞ்சின் ரெண்டு.”

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின, யன்னலுக்கு வெளியே, துறையில் பளபளத்துக்கொண்டு கிடந்த படகின் பக்கம்.

“என்ட பெட்டி கொழும்பில இருந்தது!” லம்பேட் கத்தினார். “திறந்து திருத்தக் குடுத்தது! மெஷினுக்கு விசர் எண்டு இவளே சொன்னவள்! என்ட பேரில அண்டைக்கு ஒரு பதிவு இருக்கா? காட்டச் சொல்லுங்க!”

“இல்ல,” என்றாள் சாருமதி. “உங்கட பேரில இல்ல. கந்தோர்த் திறப்பு உங்கட இடுப்பில இருக்கக்குள்ள எப்பிடி இருக்கும்? உங்கட வரிய நீங்க வடிவா அழிச்சிட்டீங்க. அழிச்சிட்டுப் பாத்தா, அதே பாரில சவிரி அண்ணன்ட பேர். எப்பிடி வந்ததெண்டு உங்களுக்கும் விளங்கியிருக்காது. அன்னம்மாளே காப்பாத்தினா எண்டு நினைச்சிருப்பீங்க.”

ஹாசிம் வெளியே போனான். பாயில் தேடி லம்பேட்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதிகாரியின் மூக்குக்கு நேரே மேசையில் வைத்தான். பக்கத்தில் சவிரிமுத்துவின் பெட்டி.

“மாத்தயா, இது சவிரி அண்ணன்ட. நீங்க திறந்து மூடின பெட்டி, புது சீல், மிளகாய்ப்பழம் மாதிரி. இது தலைவர்ட. கொழும்பில திறந்து திருத்தின பெட்டியாம். சீலப் பாருங்க. வாங்கின நாளில இருந்து வெயில் குடிச்ச சீல். திறக்காமலே திருத்தின அந்த மெக்கானிக்க எனக்கும் ஒருக்காக் காட்டுங்க, என்ட திரீவீலையும் குடுப்பம்.”

அதிகாரி இரண்டு சீலையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு லம்பேட்டின் இடுப்பை நோக்கிக் கையை நீட்டினார். திறப்பைக் கழற்ற லம்பேட்டுக்கு நேரம் எடுத்தது.

“திருவிழா நாளில,” அல்பொன்சா அருகே வந்தாள். கண்ணில் தண்ணீர் இன்னும் காயவில்லை. “நாங்க கோயில்ல நிக்கிறம், கடலில ஒரு கண்ணும் இருக்காது எண்டுதானே போனாய்? இந்த மனுசன்ட தோளில தட்டினாயே, சீ! அந்தக் கையத் தண்ணியில கழுவினாலும் போகாது.”

சவிரிமுத்து தன் பெட்டியை எடுத்து, சட்டையால் துடைத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்டும் தெரியாது,” லம்பேட் முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற ஹாசிமுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. “நான்... சும்மா... அங்க ஆக்கள் இருக்கிறாங்க எண்டு எனக்குத் தெரியாது...”

ஹாசிம் திரும்பவும் வெளியே போனான். திரீவீலின் பின்சீட்டில் இருந்த நசீரின் கையைப் பிடித்து இறக்கினான். கூட்டம் தானாக வழி விட்டது. என்ன நடந்தது, ஏன் இத்தனை முகமும் தன்னைப் பார்க்கின்றன என்று விளங்காமல் நசீர் வந்தான். ஹாசிம் அவனைக் கந்தோருக்குள் கூட்டிவந்து, லம்பேட்டுக்கு முன்னால், முகத்துக்கு முகம் நிறுத்தினான்.

“இப்ப சொன்னதத் திரும்பச் சொல்லுங்க, தலைவர்,” என்றான். “கொஞ்சம் சத்தமா. என்ட மச்சானுக்குக் கேக்கோணும்.”

லம்பேட்டின் வாய் அசைந்தது. நசீர் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.